கருணாபுரம்: சாராயத்துக்கும் அமிலத்துக்கும் நடுவே

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி நகரில் இருக்கும் கருணாபுரத்தில் அன்றும் பாக்கெட் சாராயம் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். குடித்தார்கள், வீட்டுக்கு வந்தார்கள், படுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வயிற்று வலி, வாந்தி, பேதி என்றார்கள். கண் எரிகிறது, பார்வை மங்குகிறது என்றார்கள் சிலர். புதன்கிழமையே சாவு விழ ஆரம்பித்தது. வியாழக்கிழமை எண்ணிக்கை 30ஐத் தாண்டியது. கடைசியில் 65 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல். கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அவர்களைச் சேர்த்தார்கள்.

சாராயத்தில் மெத்தனால் இருந்தது. யார் விற்றது, யார் கண்டுகொள்ளாமல் விட்டது என்று அப்போது நிறையப் பேசினோம். பேசவேண்டியதுதான். ஆனால் உடலுக்குள் என்ன நடந்தது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். அதைப் புரிந்துகொண்டால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். குடித்த நேரத்துக்கும் விஷம் உருவான நேரத்துக்கும் நடுவில் பல மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் மருத்துவமனைக்கு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள் பலர்.

கல்லீரல் தினமும் செய்கிற வேலை

முதலில் சாதாரண மது. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியோ விஸ்கியோ, உள்ளே இருப்பது எத்தனால். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் எத்தனால் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். கணக்குப் போட்டால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம்.

இந்த 60 கிராமில் மிகச் சிறு பங்கு மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் அப்படியே வெளியேறிவிடும். குடித்தவர் பக்கத்தில் வந்தால் வாடை அடிப்பதும், போலீஸ்காரர் ஊதச்சொல்லி அளப்பதும் அதனால்தான். மீதி எல்லாம் கல்லீரலின் பொறுப்பு. அங்கே ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி எத்தனாலைப் பிடித்து அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இது எத்தனாலைவிடக் கொடிய பொருள். நல்லவேளையாக ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதி உடனே அதை வாங்கி அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. அசிட்டேட் என்பது வினிகரில் இருக்கும் அமிலத்தின் உப்பு. உடம்பு அதை எரித்து கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் முடித்துவிடும். ஒரு கிராம் எத்தனாலுக்கு 7 கலோரி கிடைக்கும்.

இதில் முக்கியமானது வேகம். நாம் உண்ணும் மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்தில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக வெளியேறும். எத்தனால் அப்படி இல்லை. கொஞ்சம் ஏறியதுமே நொதியின் கை நிறைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கழியும். ரேஷன் கடையில் ஒரே ஒரு தராசு இருந்தால் வரிசை எவ்வளவு நீண்டாலும் நிறுப்பது ஒரே வேகத்தில்தான், அந்த மாதிரி. ஆக, ஒரு குவாட்டர் முழுக்கக் கழிய 6 முதல் 9 மணி நேரம் பிடிக்கும். மோர் குடிப்பது, எலுமிச்சம்பழம் பிழிவது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, கடுங்காபி கொடுப்பது எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. நாள்பட்டுக் குடிப்பவர்களின் கல்லீரலில் வேறொரு நொதித் தொகுதியும் சேர்ந்து வேலை செய்யும் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் வேகம் கூடலாம். அது கல்லீரலுக்கு நல்லதல்ல என்பது தனிக்கதை.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் மருந்தாக வரப்போகிறது.

ஒரு கார்பன் குறைந்தால்

எத்தனாலில் இரண்டு கார்பன் அணுக்கள். மெத்தனாலில் ஒன்றுதான். நிறமில்லை, வாடையும் கிட்டத்தட்ட அதே வாடை, குடித்தால் லேசாகப் போதையும் ஏறும். வார்னிஷ், தின்னர், பெயின்ட் தொழில்களில் கரைப்பானாக டேங்கர் டேங்கராகப் பயன்படும் சரக்கு. கல்வராயன் மலைப் பக்கம் வெல்லத்தையும் பட்டையையும் ஊறல் போட்டுக் காய்ச்சும் சாராயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஊறலில் இயல்பாக உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். ஒரு தெருவையே சாய்க்கும் அளவுக்கு அது வராது. இங்கே தொழிற்சாலைக்குப் போகவேண்டிய மெத்தனால் சாராயம் என்ற பெயரில் பாக்கெட்டுக்குள் போனது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல் இறந்தபோதும் இதே கதைதான். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயம் அல்ல, தொழிற்சாலை மெத்தனால் என்று காவல்துறைத் தலைவரே அப்போது அறிக்கை விட்டார். அதற்கு 13 மாதம் கழித்து, பக்கத்து மாவட்டத்தில் கருணாபுரம்.

மெத்தனால் மெத்தனாலாகவே இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. கல்லீரலில் இருக்கும் அதே ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸுக்கு ஆள் அடையாளம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. மெத்தனாலையும் பிடித்து, எத்தனாலுக்குச் செய்வதையே அதற்கும் செய்கிறது. கிடைப்பது ஃபார்மால்டிஹைடு. பிணவறையில் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் இதைத் தண்ணீரில் கரைத்ததுதான். அது ரத்தத்தில் ஓரிரு நிமிடம்கூட நிற்பதில்லை. உடனே ஃபார்மிக் அமிலமாகிவிடும். எறும்புக் கடியின் எரிச்சலுக்குக் காரணம் என்று பள்ளியில் படித்தோமே, அதே அமிலம்.

எத்தனால் பாதையில் கடைசியில் வருவது அசிட்டேட், உடம்புக்குப் பழகிய பொருள். மெத்தனால் பாதையில் கடைசியில் வருவது ஃபார்மேட், அதாவது அந்த ஃபார்மிக் அமிலத்தின் உப்பு. இதை அப்புறப்படுத்த ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை. மனித உடலில் அந்த வேலை மிக மெதுவாக நடக்கும். எலிகளுக்கு அது வேகமாக நடப்பதால் அவை மெத்தனாலை நம்மைவிட நன்றாகத் தாங்கும். நாமும் குரங்குகளும்தான் மாட்டிக்கொள்கிறோம். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு ஃபோலேட் குறைவாக இருப்பது வழக்கம். காலையில் வெறும் வயிற்றில் வேலைக்குப் போய், மாலையில் பாக்கெட் சாராயத்தோடு நாளை முடிக்கும் ஒருவரின் உடம்பில் கீரையும் பருப்பும் எவ்வளவு சேர்ந்திருக்கும்? விஷத்தை வெளியேற்றும் வாசல் அவருக்கு ஏற்கெனவே பாதி சாத்தியிருக்கிறது.

தேங்கும் ஃபார்மேட் உயிரணுக்களின் உள்ளே போய், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸை அடைத்துவிடும். மூச்சு வருகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் திசுவால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆக்சிஜனுக்கு அதிகம் பசிக்கும் இடங்கள் முதலில் அடிபடும். கண் நரம்பு, மூளையின் நடுப்பகுதியில் இருக்கும் புட்டாமென். பார்வை மங்குவதும், பிழைத்தவர்கள் சிலருக்குக் கை கால் விறைத்து நடை தளர்வதும் அதனால்தான்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து? பாடநூல்கள் சொல்லும் கணக்கு: கலப்பில்லாத மெத்தனால் 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரைப் பறிக்கலாம். 10 மில்லி என்பது இரண்டு தேக்கரண்டி.

ஓர் இரவை மணி மணியாகப் பார்த்தால்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான்; உடம்புக்குள் நடப்பது மட்டும் கற்பனை இல்லை. 60 கிலோ எடை, மூட்டை தூக்கும் வேலை. மாலை 7 மணிக்குக் குடிக்கிறார்.

ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் மெத்தனால் உச்சத்துக்கு ஏறுகிறது. போதை வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றும். சிலர் "இன்னிக்கு சரக்கு சரியில்லை" என்று இன்னொரு பாக்கெட் வாங்குவது இங்கேதான். 10 மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறார். இந்த நேரத்தில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்தால் சரியாகவே இருக்கும். பி.எச். 7.4 (அமிலம் ஏற ஏற இது இறங்கும்), அமிலத்தைத் தணிக்க ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் 24. பார்க்கிற டாக்டர், "ஒன்றும் இல்லை, காலையில் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டால் அதைவிடப் பெரிய தவறு இல்லை. அமிலம் இன்னும் உருவாகவில்லை, அவ்வளவுதான். ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டியை, அதாவது அதில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்தச் செறிவை அளந்து, கணக்கில் வரவேண்டிய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தட்டுப்படும்.

விடிகாலை 3, 4 மணி. தலைவலி, வயிற்றைப் பிசைகிற வலி, வாந்தி. வீட்டில் எல்லாரும் நினைப்பது ஒன்றுதான்: ராத்திரி குடித்தது இறங்கவில்லை. தினமும் குடிக்கிறவர் என்றால் இது புதிய காட்சியும் இல்லை. சோடா வாங்கிக் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், தூங்க விடுவார்கள். உள்ளே பைகார்பனேட் 24இலிருந்து 15, 12 என்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

காலை 9 மணிக்குமேல் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. ஓடிவந்தவர் மாதிரி இருக்கும், ஆனால் ஆள் படுத்திருக்கிறார். சேர்ந்துபோன அமிலத்தை கார்பன் டை ஆக்சைடாக வெளியே தள்ள நுரையீரல் படும் பாடு அது. கண்ணைத் திறந்தால் எல்லாம் வெள்ளையாகப் பனி மூடியதுபோலத் தெரியும். வாந்தியோடு பார்வை மங்கலும் வந்துவிட்டால் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். பி.எச். 7க்குக் கீழே போய், வலிப்போ மயக்கமோ வந்த பிறகு கொண்டுவரப்பட்டவர்களில் பிழைப்பவர்கள் குறைவு.

இந்த நேரக்கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அங்கேதான் அந்த ஒற்றைத் தராசு வரிசை திரும்ப வருகிறது. எத்தனாலும் மெத்தனாலும் சேர்ந்து வந்தால் நொதி எத்தனாலைத்தான் முதலில் எடுக்கும். மெத்தனாலைவிட அதன்மேல் நொதிக்கு 10 முதல் 20 மடங்கு பிடிப்பு அதிகம். ஆகவே சாராயத்தோடு டாஸ்மாக் சரக்கும் சேர்த்துக் குடித்தவர் உடம்பில் மெத்தனால் வரிசையில் பின்னால் காத்துக்கொண்டிருக்கும். எத்தனால் தீர்ந்த பிறகுதான் அதன் முறை வரும். அவருக்கு அறிகுறி வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோன பிறகும் "நானும் அதைத்தான் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் சொன்னால், அவர் தப்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மதுவே மருந்தாவது

1940களில் நார்வே மருத்துவர் ஓலுஃப் ரோ மெத்தனால் நோயாளிகளைக் கவனித்தபோது, எத்தனாலும் சேர்த்துக் குடித்தவர்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை என்பதைப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் எத்தனால் சிகிச்சை. ரத்தத்தில் எத்தனாலை ஒரு டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை விடாமல் நிறுத்தி வைத்தால் நொதிக்கு மெத்தனாலைத் தொட நேரமே இருக்காது. 60 கிலோ ஆளுக்கு முதல் தவணை ஏறத்தாழ 48 கிராம் எத்தனால். அப்புறம் மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக. 2018 டிசம்பரில் வியட்நாமின் குவாங் திரி மாகாணத்தில் மெத்தனால் நோயாளி ஒருவருக்கு டாக்டர்கள் 15 கேன் பீரை வயிற்றுக்குள் செலுத்திக் காப்பாற்றினார்கள். படித்தபோது பலரும் சிரித்தார்கள். அந்த டாக்டர்கள் செய்தது சுத்தமான உயிர்வேதியியல்.

இதை வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்குப் புரையேறும். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். அளவு தப்பினால் எத்தனாலே மூச்சை நிறுத்தும். மருத்துவமனையில்கூட மணிக்கு மணி அளந்து கொடுக்கவேண்டிய தொல்லை பிடித்த சிகிச்சை.

அதற்குப் பதிலாக வந்தது ஃபோமிபிசோல். நொதியின் வாயையே அடைத்துவிடும் ஊசி. போதை இல்லை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் முதல் தவணை, பிறகு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. விலை அதிகம், எளிதில் கிடைப்பதுமில்லை. கள்ளக்குறிச்சிச் சாவுகளின்போது இந்த மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று தமிழக அரசியலில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. அதில் ஃபோமிபிசோலும் வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் ஒமிப்ரசோலும் பெயர் மாறிக் குழம்பின. ஒரு மருந்தின் பெயரைக்கூட நாம் சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

நொதியை அடைத்தால் மட்டும் போதாது. அடைத்த பிறகு மெத்தனால் போக வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றும். பாதியாகக் குறையவே 2 நாள் போலப் பிடிக்கும். ஏற்கெனவே உருவான ஃபார்மேட்டும் அங்கேயே இருக்கும். அதனால்தான் டயாலிசிஸ். இரண்டையும் சில மணி நேரத்தில் வடித்து எடுத்துவிடும். கூடவே அமிலத்தைத் தணிக்க சோடியம் பைகார்பனேட், ஃபார்மேட்டை அப்புறப்படுத்த ஃபோலேட்டின் ஒரு வடிவமான ஃபோலினிக் அமிலம். இதில் ஃபோலினிக் அமிலமும் பைகார்பனேட்டும் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் வைக்கக்கூடியவை. சிக்கல் டயாலிசிஸ் இயந்திரத்தில். ஒரே நாளில் 100 பேர் வந்தால் யாரை முதலில் ஏற்றுவது? நோயாளிகளை நான்கு மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டியிருந்ததன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

புதன்கிழமை

முதல் சாவுகள் விழுந்த ஜூன் 19 அன்று, கள்ளச்சாராயம் காரணம் இல்லை என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து முதலில் சொல்லப்பட்டது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. பிறகு ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை கூட்டப்பட்டது. வழக்கை சி.பி.சி.ஐ.டி.யிடமிருந்து சி.பி.ஐ.க்கு மாற்றச் சென்னை உயர் நீதிமன்றம் நவம்பரில் உத்தரவிட்டது.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது அந்த மறுப்பு வந்த நேரம். புதன்கிழமை பகல் என்பது செவ்வாய்க்கிழமை மாலை குடித்தவருக்கு 16, 18 மணி நேரம். அமிலம் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். "சாராயம் இல்லை" என்ற சொல் காதில் விழுந்ததும், வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவர் நிம்மதியாகப் புரண்டு படுப்பார். குடித்ததைச் சொன்னால் போலீஸ் வரும் என்று பயந்திருப்பவருக்கும் அது நல்ல சாக்கு. அவர் உடம்பில் அந்த நேரத்தில் மணிக்கு மணி என்ன நடக்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

2001 செப்டம்பரில் எஸ்டோனியாவின் பார்னு நகரத்தில் இதேபோல மெத்தனால் கலந்த மது விற்று 68 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்து சேராமலேயே இறந்தவர்கள். உயிரோடு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

ஆகவே அடுத்த முறை (இந்த இரண்டு வார்த்தைகளை எழுதவே கை கூசுகிறது) வாந்தியும் கண் மங்கலுமாக முதல் ஆள் ஜி.ஹெச்.சுக்கு வந்து, அவர் ரத்தத்தில் பைகார்பனேட் 10க்குக் கீழே இருந்தால், மெத்தனால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே தெருவுக்கு 108ஐத் திருப்பி அனுப்ப வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போய், யாரையும் குற்றம் சொல்லாமல், நேற்று யார் குடித்தது என்று கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவரையும் வண்டியில் ஏற்ற வேண்டும். வர மறுப்பவர் வீட்டுக்கு நாலு மணி நேரம் கழித்துத் திரும்பவும் போக வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைக் காட்டி, தேதி தெரிகிறதா என்று கேட்க வேண்டும்.